இழுத்தால் அவிழும் கட்டு

கலியாண வீட்டில் ஒரு பெரிய சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நல்ல இறைச்சித் துண்டை ஆளுக்காள் மற்றவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்த நேரம், சோற்றுக்கு மேல் சுள்ளென்று வெயில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பந்தல் கூரையில் ஒரு தென்னங்கிடுகைக் காணவில்லை. அடுத்த கிடுகும் கழன்றுகொண்டிருந்தது. சாரனை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் ஏணியில் நின்று கயிற்று நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுக்கிறார். கட்டு அவிழ்கிறது. கிடுகு அவர் கையோடு வருகிறது.

"காக்கா, சோறு இன்னும் முடியல்ல!" என்று கீழிருந்து கத்தினோம்.

"நீங்க தின்னுங்க தம்பிமார். நான் மேலதானே நிக்கிறன், உங்கட சகனுக்குள்ளயா நிக்கிறன்?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "மாப்பிள்ள இன்னும் அறைக்குள்ள வரல்ல, அதுக்குள்ள பந்தலக் கழட்டுறாரு! இவருக்கு வாழ்க்கப்பட்ட எனக்குத்தான் தெரியும். ஒருநாளைக்கு என்னையும் கழட்டிச் சுருட்டி வெப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஏணியில் நின்றவரும் சிரித்தார். அது அவருடைய சொந்த மகளின் கலியாணம்.

பிள்ளைகளே, போன கிழமை நீங்கள் ஆற்றில் குளித்துவிட்டு வந்து என்னிடம் ஒன்று கேட்டீர்கள். ஆற்றங்கரைக் கற்சுவர் பாலத்தடியிலிருந்து முகத்துவாரம் மட்டும் ஒரே நீளமாகப் போகிறதே, அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் விட்டுக் கிடக்கிறது என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு உடம்பு அலுப்பு. மறுகா சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் இடையில் யாராவது வருவார்கள், கதை அங்கால இங்கால போய்விடும். அதனால் எழுதி வைக்கிறேன். உங்கள் வாப்பா அதிகம் படித்தவன் இல்லை. பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியைச் சொல்வதென்றால் ஏணியில் நின்ற மனிதரைச் சொல்லவேண்டும். அவர் எங்கள் பட்டின சபையில் ஓவசியர். ரோட்டு, வடிகான், பாலம், விழாச் சோடனை எல்லாம் அவர் பொறுப்பு. நான் சபையின் ஸ்டோரில் சாமான் பார்த்தவன். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் மூத்த அண்ணன் மாதிரி ஓவசியர் காக்கா என்றுதான் சொல்வார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அவரோடு வேலை செய்வது லேசான காரியம் இல்லை. எதைக் கட்டச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"கழட்ட ஏலுமா?"

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு மேடை கேட்டு ஹெட்மாஸ்டர் வருவார். எப்போது வேண்டும், எவ்வளவு பெரிசு என்று ஓவசியர் காக்கா கேட்கமாட்டார். "போட்டி முடிஞ்சி எத்தின மணிக்குக் கழட்டுற? ஆரு வாற கழட்ட?" என்பார். ஹெட்மாஸ்டர் முழிப்பார். "முதல்ல கட்டித் தாங்களேன் ஓவசியர்" என்பார். "கட்டுறத்துக்கு ஊரே வரும் சேர். கழட்ட நானும் இந்தத் தம்பியும்தான்" என்று என்னைக் காட்டுவார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

ஆணி அடிக்க விடமாட்டார். எல்லாம் தும்புக் கயிறுதான். அதிலும் அவருக்கென்று ஒரு சுருக்குக் கட்டு இருந்தது. எத்தனை பேர் தொங்கினாலும் இளகாது. ஆனால் வெளியே விட்டிருக்கும் நுனியைப் பிடித்து ஒருக்கா இழுத்தால் வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்று வரும். என்னை இருத்தி வைத்து அந்தக் கட்டைக் கட்டப் பழக்கினார். கை எரிந்து போகும். "இன்னும் இறுக்கு" என்பார். இறுக்கினால், "இப்ப இழு, அவிழுதா பாப்பம்" என்பார். அவிழாவிட்டால் திரும்பவும் முதலில் இருந்து.

கழட்டிய சாமான் எல்லாம் என் ஸ்டோருக்கு வரும். கம்பு, கயிறு, கிடுகு, சாக்கு. கம்பு பிடுங்கிய குழியைக் காலால் மிதித்து மூடி, அதற்கு மேல் ஒருதரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். விழா நடந்த இடத்தில் மறுநாள் ஒரு தடயமும் கிடக்காது. ஊரில் சில பேருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல காரியத்துக்குப் பந்தல் போடும்போது கழட்டுற கதை கதைக்கிற ஆளின் முகத்தில் முழிக்கக் கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

முந்தி அவர் அப்படி இருந்ததில்லை. நான் சபையில் சேர்ந்த புதிதில், சூறாவளிக்கு முன்னால், கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டுக்குக் குறுக்கே அவருக்காக ஒரு வளைவு கட்டினார்கள். சீமெந்துத் தூண், மரச்சட்டம், மேலே தகரத்தில் வெட்டிய பிறையும் நட்சத்திரமும். கட்டுவித்தவர் ஓவசியர் காக்காதான். வந்தவர் போனார். "வடிவா இருக்கு, கிடக்கட்டுமே" என்றார்கள் ஊரார். அவரும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்போது நன்றாகச் சிரிப்பார், வெற்றிலை போடுவார், ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டே கதைப்பார்.

சூறாவளி அடித்து விடிந்த காலையில் அந்த வளைவு ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் தென்னைகள் சாய்ந்து, வேறு வழி இல்லை. காயப்பட்டவர்களைக் கதவுப் பலகைகளில் கிடத்தித் தூக்கி வந்தவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். அப்படி நின்ற இடத்தில் ஒரு மனிதர் மௌத்தானார். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் தப்பியிருப்பாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஓவசியர் காக்காவை யாரும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் அழுகை. குற்றம் சொல்ல யாருக்கு நேரம்? அவர் ஒரு மரவாளும் இரும்பு அலவாங்கும் எடுத்துக்கொண்டு வந்து, தனியாக அந்த வளைவை அறுத்துக்கொண்டு நின்றார். நான் போய் மற்றப் பக்கம் பிடித்தேன். அதற்குப் பிறகு அவர் வாயில் நான் ஆணியைக் கண்டதில்லை.

சூறாவளி ஆற்றங்கரையையும் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அதுவரைக்கும் கரை நெடுக வீடுகள் இருந்தன. மீன் பிடிக்கிற, பன் புல்லால் பாய் இழைக்கிற சனங்களின் வீடுகள். எல்லாம் ஆற்றைப் பார்த்த வாசல். வீடு போனவர்களுக்கு அரசாங்கம் உள்ளே வயல் பக்கமாய்க் காணி கொடுத்து வீடு கட்டிக் கொடுத்தது. வெறுங்கரையை என்ன செய்வது என்று இரண்டு மூன்று வருஷம் கூட்டம் கூட்டமாய்க் கதைத்தார்கள். கடைசியில் கரை நெடுகக் கற்சுவர், அதற்கு மேல் நடைபாதை, லாம்புக் கம்பங்கள், இருக்க வாங்குகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஒரு இளம் இஞ்சினியரும் வந்தார். வெளியூர்க்காரர், தங்கமான பிள்ளை, ஆனால் அவர் கண்ணுக்கு நேர்கோடு தவிர வேறொன்றும் பிடிக்காது. அவருடைய வரைபடத்தில் சுவர் ஒரு இடத்திலும் விடாமல் போனது.

அப்போதுதான் பாத்துமுத்து ராத்தா சபைக்கு வந்தா. புருஷன் சூறாவளிக்கு முன்பே மௌத்து. மகளோடும் மருமகனோடும் வயல் பக்கத்துப் புது வீட்டில் இருந்தா. வீடு போனாலும் அந்தக் குடும்பத்தின் தோணி மட்டும் தப்பியிருந்தது. ராத்தாவின் பழைய வளவுக்கு முன்னால் இருந்த துறையில்தான் மருமகன் அதைக் கட்டுவான். அந்தத் தோணிதான் அந்த வீட்டின் அடுப்பு. அக்கம்பக்கத்துத் தோணிகளும் அதே துறைதான்.

"மகன், இந்தச் சுவத்தில வாசல் எங்க?" என்று இஞ்சினியரிடம் கேட்டா.

"வாசல் இல்ல அம்மா. தோணிகளுக்கு முகத்துவாரத்துக்குக் கிட்ட வேற இடம் குடுப்பம்."

"முகத்துவாரத்திலயா? அங்க அலை தூக்கி அடிக்கிற இடந்தானே. எங்கட தோணி கம்பு ஊண்டித் தள்ளுற தோணி மகன், கப்பல் இல்ல."

"பிளான் பாஸாயிட்டுது அம்மா."

ராத்தா எங்கள் சபைச் சேர்மனைப் பார்த்தா. சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலை முடியட்டும் ராத்தா, மறுகா பாப்பம்."

"சுவர் கட்டி முடிஞ்ச மறுகா என்னத்தப் பாக்கிற? சுவத்தையா?"

ஓவசியர் காக்கா மூலையில் நின்றார். ராத்தா போகும்போது அவரைப் பார்த்து, "நீங்களும் இஞ்சதானே நிக்கிறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

அடிக்கல் வைக்க மந்திரி வருகிறார் என்று செய்தி வந்தது. கரையைப் போய்ப் பார்த்தால் தோண்டிப் போட்ட சேறும் கற்குவியலும்தான். மந்திரிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. சேர்மன் கூட்டம் வைத்தார்.

"கரை நெடுக ஒரு சோடனை வேணும். வாறவர் பாத்து மலைக்கணும். சீமெந்தில ஒரு வளைவு, ரெண்டு பக்கமும் ரெண்டு சிங்கம்."

"சிங்கம் உருவம் சேர்மன். மார்க்கத்தில உருவம் கூடாதெண்டு பள்ளிவாசல்ல கதை வரும்" என்றார் ஒரு மெம்பர்.

"அப்ப யானை வெப்பம்."

"யானை மட்டும் உருவம் இல்லயா ஓய்?"

சிரிப்பு அடங்கிய பிறகு ஓவசியர் காக்கா கேட்டார். "கழட்ட ஏலுமா?"

சேர்மன் மேசையில் அடித்தார். "யா றப்பே! இன்னும் கட்டவே இல்ல. சரி, நீதான் செய்யப் போறாய், நீயே சொல்லு, என்னத்தக் கட்டுவம்?"

"பாய்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். சுவர் வரப்போகும் கரை நெடுக மூங்கில் கம்புகளை நட்டு, கம்புக்குக் கம்பு பன்பாய் கட்டுவது. சேறும் கல்லும் மறையும். சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் போட்ட பாய்கள் காற்றில் ஆடும். விழா முடிந்தால் கழட்டி, பாய்க்காரரிடமே கொடுத்துவிடலாம். சேர்மனுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் சீமெந்து காய நாள் இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த சண்டை யாருடைய பாய் முன்னுக்கு என்பது. எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தாய்வழியில் ஒரு குடியைச் சேர்ந்தது. குடிக்குத் தலைவராக ஒரு மரைக்கார். பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு அரிசி கொடுப்பதிலும் முறை இருக்கிறது. மந்திரி இறங்கும் இடத்தில் தங்கள் குடியின் பாய்தான் வரவேண்டும் என்று மரைக்கார்மார் வந்து நின்றார்கள். ஓவசியர் காக்கா எல்லோரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துச் சொன்னார்:

"குடி முறை பாத்தா சண்டை வரும். வீடு இருந்த முறையில கட்டுவம். சூறாவளிக்கு முந்தி ஆருட வளவு எங்க கிடந்திச்சோ, அங்க அவங்கட பாய்."

அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. வீடு இருந்த முறை எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த நாட்களில் அவரோடு வயல் பக்கத்துப் புது வீடுகளுக்கு நானும் போனேன். வாசலுக்கு வாசல் நின்று, "உங்கட வளவு எதில இருந்து எது மட்டும்?" என்று கேட்பார். பெண்கள் உள்ளே நின்று விறுவிறென்று சொல்வார்கள். "எங்கட வேலிக்கங்கால மாமிட வளவு, அதுக்கங்கால ஒரு முருங்கை நிண்டிச்சு." அழாமல் சொன்னவர்கள் குறைவு. பன் அவித்து, சாயம் தோய்த்து, இராப்பகலாக இழைத்தார்கள். சூறாவளிக்குப் பிறகு அந்தச் சனங்கள் அவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

பாத்துமுத்து ராத்தா மட்டும் பாய் இழைக்க மாட்டேன் என்றுவிட்டா.

"என்ட வளவுக்கு முன்னால துறைதான் கிடக்கு ஓவசியர். தோணி வாற வழியில பாயக் கட்டுறயா? எனக்கு ஏலா."

"ஒரு நாளைக்குத்தானே ராத்தா."

"ஒரு நாளைக்கு மறைச்சா, மறுகா நெடுக மறைக்கிறது லேசி."

ஓவசியர் காக்கா "ஓம்" என்றார். அவ்வளவுதான். கம்பு நடும்போது அந்த இடத்தில் இரண்டு கம்புகளை அகட்டி நட்டார், நடுவில் ஒரு தோணியும் ஆட்களும் போகக்கூடிய அகலத்துக்கு. மற்றக் கம்புகளைவிட அவை ஆழமாகவும் போயின. நான்தான் குழி வெட்டியவன்.

இஞ்சினியர் வந்து பார்த்தார். "என்ன ஓவசியர், பல்லுப் போன வாய் மாதிரி?"

"பாய் போதாமப் போச்சு சேர்" என்றார் காக்கா.

விழாவுக்கு முதல் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் பாய்களைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். அவரவர் இடத்தில் அவரவர்களே விரித்துப் பிடித்தார்கள். நானும் காக்காவும் கட்டிக்கொண்டே போனோம். எல்லாம் அந்தச் சுருக்குக் கட்டுத்தான். பாதியை நான் கட்டினேன். நுனிகளை அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை சேர்மன் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, ரோட்டுப் பக்கத்தால் வந்து இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன ஓய் இது? எல்லாப் பாயும் முதுகக் காட்டுது!"

உண்மைதான். பன்பாய்க்கு முகம் உண்டு, முதுகும் உண்டு. முகத்தில் பூவும் கட்டமும் தெளிவாக இருக்கும். முதுகில் வெட்டிய பன் நுனிகள் சிரைக்காத தாடி மாதிரி நிற்கும். மந்திரி நடந்து வரப்போகும் ரோட்டுப் பக்கம் முழுக்க அந்தத் தாடிதான் தெரிந்தது. முகமெல்லாம் ஆற்றுப் பக்கம்.

"ஆரு இப்பிடிக் கட்டச் சொன்ன?" என்று சேர்மன் பெண்களைப் பார்த்துக் கத்தினார்.

அவர்களுக்கு அவர் எதற்குக் கத்துகிறார் என்றே விளங்கவில்லை. ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுச் சொன்னா: "வாசல் ஆத்துப் பக்கந்தானே சேர்மன். ஆக்கள் வாறதும் ஆத்துப் பக்கந்தான். பாயிட முகம் வாசலப் பாக்காம பின்பக்கத்துக் கோடியயா பாக்கும்?"

ஒருத்தி கூட யோசித்துச் செய்யவில்லை. இல்லாத வீட்டின் வாசலைப் பார்த்தே எல்லோரும் விரித்திருக்கிறார்கள். கட்டிய எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

"ஓவசியர்! மந்திரி வர இன்னும் நேரம் கிடக்கு. எல்லாத்தையும் கழட்டித் திருப்பிக் கட்டு. கெதியா!"

நான் முதல் கம்பை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டேன். என்ன பெரிய வேலை? நுனியைப் பிடித்து இழுத்தால் வரும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பாதிக் கரை கழன்றுவிடும். அதற்காகத்தானே இத்தனை வருஷமாக என் கைத்தோலை உரித்தார்.

"கழட்ட ஏலா சேர்மன்" என்றார் ஓவசியர் காக்கா.

நான் நின்றுவிட்டேன்.

"என்ன?"

"ராப் பனியில கயிறு ஊறி இறுகிட்டு. அறுத்தாத்தான் வரும். அறுத்தாப் பாயும் கிழியும்."

சேர்மன் என்னைப் பார்த்தார். "தம்பி, ஓமா?"

காக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கழட்ட ஏலா என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை.

"ஓம் சேர்மன்" என்றேன். "இறுகிட்டு."

சேர்மன் தலையில் கை வைத்தார். "மானம் போகுது ஓய். இப்ப என்ன செய்யிற?"

"முகம் ஆத்துப் பக்கம்தானே இருக்கு" என்றார் காக்கா மெதுவாக. "மந்திரிய ஆத்தால கூட்டிட்டுப் போங்க. தோணியில இருந்து பாத்தா இன்னும் வடிவு."

"தோணியிலயா? எதில ஏத்துற?"

காக்கா கரையைக் காட்டினார். கரை முழுவதும் பாய். ஒரு இடத்தில் மட்டும்தான் வழி. அந்த வழியில் பாத்துமுத்து ராத்தாவின் மருமகன் தோணியைக் கட்டிவிட்டு, என்ன நடக்கிறதென்று தெரியாமல் பல்லுக் குச்சியோடு நின்றான்.

மந்திரி வந்தார். அடிக்கல் வைத்தார். பிறகு அகட்டி நட்ட அந்த இரண்டு கம்புகளுக்கு நடுவால் இறங்கி, ஒரு கம்பைக் கையால் பிடித்துக்கொண்டு தோணியில் கால் வைத்தார். சேர்மனும் இஞ்சினியரும் பின்னால் ஏறினார்கள். தோணி ஒருக்கா ஆடியது. இஞ்சினியர் அல்லாஹ்வைக் கூப்பிடுகிறவர் இல்லை; அன்றைக்குக் கூப்பிட்டார் என்று மருமகன் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தோணி கரை நெடுக மெதுவாகப் போனது. காலை வெயில் பாய்களின் முகத்தில் நேராக விழுந்தது. சிவப்பும் ஊதாவும் தண்ணீரிலும் தெரிந்தன. பெண்கள் ஆற்றோரத்தில் அவரவர் பாய்க்கு முன்னால், அவரவர் வாசலில் நிற்கிற மாதிரியே நின்றார்கள்.

திரும்பி இறங்கும்போது மந்திரி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "இந்தத் துறை பழைய துறையா?"

சேர்மன் என்ன சொல்வார்? ஊர் முழுக்க நிற்கிறது. "ஓம் சேர், மெத்தப் பழைய துறை" என்றார்.

"நல்ல துறை" என்றார் மந்திரி. கார் ஏறிப் போய்விட்டார். அவருக்கு அது அன்று மாலையே மறந்திருக்கும்.

அன்று அசருக்குப் பிறகு நாங்கள் இருவரும் கழட்டத் தொடங்கினோம். நான் ஒரு நுனியை இழுத்தேன். கட்டு எப்போதும் போலக் கழன்று வந்தது. காக்கா அதைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். பாய்களைச் சுருட்டி அவரவர் கையில் கொடுத்தோம். கம்புகளைப் பிடுங்கினோம். குழிகளை மூடி மிதித்தோம். கடைசியில் அந்த இரண்டு கம்புகளும் மட்டும் நின்றன. நான் அலவாங்கைக் கொண்டுபோனேன்.

"அது கிடக்கட்டும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன காக்கா, அதக் கழட்டல்லயா?"

"அது சோடனை இல்ல தம்பி."

சாரனில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சுவர் வேலை தொடங்கி, இரண்டு பக்கத்தாலும் கல் ஏறிக்கொண்டு வந்தது. கம்புகளடிக்கு வந்ததும் மேசன்மார் நின்றார்கள். கம்பைப் பிடுங்கிப்போட்டு நேராகக் கட்டச் சொன்னார் இஞ்சினியர். பாத்துமுத்து ராத்தா தலையில் மீன் கூடையோடு அதில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பக்கமாய் வந்த சேர்மன்தான் கையை உயர்த்தினார். "அது மந்திரி பிடிச்சி ஏறின கம்பு ஓய். அதப் பிடுங்கி அதுக்குள்ள கல்ல வெக்கிறயா? நாளைக்கு ஒரு கதை வந்தா நீயா பதில் சொல்லுற?" ராத்தாவுக்காகச் சொன்னாரா, மந்திரிக்குப் பயந்து சொன்னாரா, எனக்குத் தெரியாது. கல் அதோடு நின்றது. படி கட்டித் தரவில்லை. உடைந்த கல்லைப் பரப்பிவிட்டார்கள்.

பிறகு யுத்தம் வந்து காலம் கெட்டுப்போனது. அது உங்களுக்கே தெரியும். இருந்தாற்போல ரோட்டுகள் மூடப்படும், கடைகள் மூடப்படும், பொழுது பட்டால் யாரும் வெளியே போவதில்லை. அவ்வளவு பாடுபட்டுப் போட்ட நடைபாதையில் நடக்க ஆளில்லை. லாம்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன, வாங்குகளில் பலகை இல்லை. இஞ்சினியர் மாற்றலாகிப் போய்விட்டார். ஸ்டோரில் இப்போது ஒரு கயிற்றுத் துண்டும் இல்லை. நானும் காலையில் போய்ப் பூட்டைத் திறந்து, பின்னேரம் பூட்டிவிட்டு வருகிறேன்.

ஓவசியர் காக்கா போன மாரிக்கு முன்னால் மௌத்தானார். மையத்து வீட்டுக்கு யாரோ அவசரத்தில் ஆணி அடித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அடக்கிவிட்டு வந்ததும் நான் ஏணியை எடுத்தேன். வந்த சனம் இன்னும் போகவில்லை, சிலருக்குக் கோபம். வீட்டுக்குள்ளிருந்து பழைய குரல் வந்தது, களைத்துப்போய். "கழட்டட்டும், விடுங்க. இல்லாட்டி அந்த மனிசன் கபுறுக்குள்ளயும் படுக்க மாட்டாரு." ஆணி ஒவ்வொன்றையும் நெம்பி எடுத்து முடிய எனக்கு முதுகு விட்டுப்போனது.

அந்த மூங்கில் கம்புகள் எப்போதோ இற்றுப்போய்விட்டன. நீங்கள் தோணி கட்டிக் கிடக்கப் பார்த்தது வேறு கம்புகள். இற்றுப்போகும் போதெல்லாம் தோணிக்காரர் அதே குழியில் புதுக் கம்பு நடுகிறார்கள். ஏன் அந்த இடத்தில் என்று அவர்களிடம் கேட்டால், தோணி கட்ட வசதி என்று சொல்வார்கள்.